இருக்கலாம்

பதினான்காம் பின்னல் எந்திரத்தில்
ஓர் ஊசி முறிந்தால்
அத்தனை இரைச்சலுக்கு நடுவிலும்
யாரோ நாக்கைக் கொட்டுவதுபோல் ஒரு சத்தம்.
அது கேட்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

செவ்வாய்க்கிழமை கேட்கவில்லை.
முப்பத்தொரு கம்பளிச் சட்டைகள்
முதுகில் கண்ணி விட்டு, ஏணி ஏணியாக
வந்து விழுந்தன.
"ஸொரேய் பூஷே?" என்றார் சூப்பர்வைசர் ரோஸ்லின்.
காது அடைப்பா என்று கேட்டதையே
உதட்டில்தான் படித்தேன்.

க்யூர்பீப்பில் மழைக்கு நாள் கிழமை கிடையாது.
மருத்துவமனை வரிசையில் குடைகள் சொட்டின.
எனக்கு முன்னால் பதினெட்டுப் பேர்,
பதினெட்டும் மூக்கால் பேசின.

டாக்டர் லீ ஷிம் மேசைமேல்
பிளாஸ்டிக் மண்டையோடு ஒன்று.
நெற்றியைக் கழற்றினார், கன்னத்தைத் திறந்தார்.
உள்ளே வெற்றறைகள்.
இந்தத் தீவின் அடியிலும் அப்படித்தான்:
எரிகுழம்பு வடிந்துபோன குகைகள்,
மேலே கரும்பு, உள்ளே
இருட்டில் கூடு கட்டும் குருவிகள்.
"என் அறைகளில் என்ன?" என்றேன்.
"சளி."

மூக்கின் பின்புறமிருந்து காதுக்கு
ஒரு சந்து போகிறதாம்.
விழுங்கும்போதும் கொட்டாவியிலும்
அதன் கதவு திறந்து காற்று மாறுமாம்.
கதவு வீங்கிக் கிடக்கிறது உங்களுக்கு.
ஏன்?

தடுமனாக இருக்கலாம்.
மெத்தைக்குள் குடித்தனம் நடத்தும்
கண்ணுக்குத் தெரியாத பூச்சியாக இருக்கலாம்
(இதை இந்திராணியிடம் சொல்ல முடியாது,
ஞாயிறுதோறும் மெத்தையைத் தூக்கிக்கொண்டு
வெயிலுக்குக் காவல் நிற்பவள்).
அலமாரிக்குப் பின்னால் படரும் பூஞ்சை.
பத்தொன்பது வருடம் மூச்சோடு போன கம்பளித் தூசு.
வளைந்த மூக்குத்தண்டு:
வாக்வா மைதானத்தில் ஒருமுறை
முகத்தால் பந்தைத் தடுத்தேன்.
கோல் விழவில்லை, அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.
மேல் கடைவாய்ப் பல்லின் வேர்
சீழ் பிடித்துக் கன்னத்து அறைக்குள்
எட்டிப் பார்க்கலாம்.
சதை ஒன்று திராட்சைபோல் தொங்கலாம்.
ஒரே பக்கம் அடைத்திருந்தால்
கேமரா விட்டுப் பார்க்க வேண்டும் என்றார்.
"ரெண்டு பக்கமும்" என்றேன் அவசரமாக.
இரட்டைத் துன்பத்தில் நிம்மதி கண்டது
அன்றுதான்.

ஒவ்வொன்றுக்கும் அவர் "கபாவ்" என்றார்.
மாலைப் பள்ளியில் நான் படித்த தமிழில்
அது 'லாம்'.
சந்தேகமும் அதுவே, அனுமதியும் அதுவே.
உட்காரலாம். இருக்கலாம்.

எழுந்தபிறகு கேட்டார்:
"மூக்குக்கு மருந்து ஏதும் அடிக்கிறீர்களா?"
சட்டைப் பையிலிருந்து நீலக் குப்பியை
நல்ல பிள்ளையாக எடுத்து வைத்தேன்.
"எத்தனை நாளாக?"
"போன புயலிலிருந்து."
பேனாவை மூடினார்.
மூன்று நாள் மருந்து, பதினோரு மாதம்.
ஒவ்வொரு தெளிப்பும் கதவைத் திறந்துவிட்டுப்
போகையில் முன்னைவிட இறுக்கிச் சாத்தியிருக்கிறது.

முதல் இரவு, வாயால் மூச்சு விட்டேன்.
இரண்டாம் இரவு டார்ச்சோடு
தெருக் குப்பைத் தொட்டி வரை போனேன்.
வண்டி முந்திக்கொண்டது, நல்லவேளை.
உப்புத் தண்ணீர், ஆவி, சுவருக்குச் சுண்ணாம்பு.
இந்திராணி வேறு அறையில் படுத்தாள்,
மெத்தை விஷயம் தெரிந்துவிட்டது.

பன்னிரண்டாம் நாள் போர்ட் லூயிக்குப் பஸ் ஏறினேன்.
மேட்டிலிருந்து இறங்க இறங்க
தலை இன்னும் இறுகியது.
பீனிக்ஸ் தாண்டும்போது ஒரு கொட்டாவி.
இடது காதுக்குள்
நண்டு ஓடு நொறுங்கியதுபோல்.

டிக்கெட் கிழிபடும் சத்தம்.
பின்னால் இரண்டு பெண்கள், வெங்காய விலை.
கூரையில் தூறல்.
வலது காது இன்னும் யோசிக்கிறது.
ஓட்டுநர் கியர் மாற்றியபோது
பாதத்துக்கடியில் யாரோ நாக்கைக் கொட்டினார்கள்.

இரண்டாம் கியரில் ஒரு பல் போயிருக்கிறது.
போயிருக்கலாம்.